தோட்டத்து மழைப் புத்தகத்த வச்சு மாஸ்டர்ஸ் பண்ணலாமா? பருவநிலை மாற்றம் படிச்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

பெர்ஜுந்தை_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவ எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சிருங்க.

நான் மலேசியா, சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா, வீட்ல இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுவோம். வயசு 26. டிகிரி கெமிஸ்ட்ரி, பாயிண்டர் 3.1, மூணு வருசமா ஒரு லேப்ல தண்ணி டெஸ்ட் பண்ற வேல. இப்போ மாஸ்டர்ஸ் பண்ணனும்னு ஆச, அதுவும் பருவநிலை மாற்றத்துல. அம்மா என்னான்னா டிப்ளோமா இன் எஜுகேஷன் எடுத்துட்டு டீச்சரா போயிருங்குறாங்க.

ஏன் இந்தப் படிப்புன்னா, 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல எங்க சின்னம்மா வீடு மூழ்குனது ஒரு காரணம். ஆனா அதவிட அப்பா சொன்ன ஒரு பேச்சுதான் மண்டையில நிக்குது. அப்பா இருபது வருசத்துக்கு மேல தோட்டத்துல பால்மரம் (ரப்பர்) வெட்டுனவரு. "அப்பல்லாம் மழ சாயங்காலம் வரும், நாம வெட்டி முடிச்சு பால எடுத்துட்டு வந்தப்பறம் பேயும், போகப் போக விடியக்கால மழ ஜாஸ்தியாயிருச்சு, பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்குற எடம்) போறது, நனையிறது, வீட்டுக்குத் திரும்புறது, அன்னிக்கு பேர் இல்ல, கூலியும் இல்ல" அப்படிங்குறாரு. இது உண்மையா, இல்ல வயசானவங்க எல்லாரும் சொல்ற "அந்தக் காலம் மாதிரி வருமா" பேச்சான்னு தெர்ல.

போன மாசம் எங்க பழைய தோட்டத்து ஆபீஸ் ஸ்டோர காலி பண்ணாங்க. எங்க மாமா அங்க டிரைவர், குப்பையில போக இருந்த ஒரு கட்டுப் புத்தகத்த ஆபீஸ்ல கேட்டுட்டு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. தெறந்து பார்த்தா மழைக் கணக்கு. 1961 தொடங்கி 2003 வரைக்கும், தினமும், கையால எழுதுனது. 1980 வரைக்கும் இஞ்சுல இருக்கு, அதுக்கப்புறம் மில்லிமீட்டர். கரையான் ஓரத்த மட்டுந்தான் தின்னிருக்கு.

இத வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா? கெமிஸ்ட்ரி படிச்சவ இந்தப் பக்கம் வரலாமா? உள்ளூரா வெளிநாடா? படிச்சு முடிச்சா வேல இருக்கா?

மாமாக்கடை_மணி

தங்கச்சி புத்தகத்த முதல்ல பிளாஸ்டிக் பைல போட்டு மேல வை, இந்த மழைக்கு அதுவும் போயிரப் போவுது.

பாங்கி_அக்கா

பைல போட்டு இறுக்கிக் கட்டாதம்மா, பூஞ்சை புடிச்சிரும். காத்தோட்டமான இடத்துல வை, முதல் வேலையா ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்துல போன்ல படம் எடுத்துரு. நாப்பது வருசத்துக்கு மேல ஒரே இடத்து தினசரி மழைக் கணக்குங்குறது சாதாரண விஷயம் இல்ல. ஒரு ஊரோட பருவநிலைய சராசரின்னு சொல்றதுக்கு உலக வானிலை அமைப்பு வைக்கிற அளவே 30 வருசம்தான், உன்கிட்ட அதவிட ஜாஸ்தி இருக்கு. நான் பாங்கியில பிஎச்டி பண்றேன், என்னோடது பீட் மண்ணு, சதுப்புல செடிகொடி சேர்ந்து உண்டான கரி மண்ணுன்னு சொல்லலாம்.

முதல்ல கெமிஸ்ட்ரி பயத்த விடு. 1896லயே காத்துல கரியமில வாயு கூடுனா பூமி எவ்ளோ சூடாகும்னு கையாலயே கணக்குப் போட்டவரு அர்ரேனியஸ், கெமிஸ்ட்ரிகாரரு. 1958ல ஹவாய் மௌனா லோவா மலையில அந்த வாயுவ விடாம அளக்க ஆரம்பிச்ச கீலிங்கும் கெமிஸ்ட்ரிதான். அப்போ 315 பிபிஎம் (பத்து லட்சத்துல 315 பங்கு) சுத்தி இருந்துச்சு, இன்னிக்கு 420ஐத் தாண்டிருச்சு. உனக்கு கொறையறது கெமிஸ்ட்ரி இல்ல, புள்ளியியலும் கோடிங்கும். அது ஆறு மாசத்துல கத்துக்கலாம், நான் 29 வயசுல கத்துக்கிட்டேன், அழுதுட்டேதான்.

ஆனா ஒரு விஷயம் இப்பவே சொல்லிடுறேன், அப்பறம் ஏமாந்துராத. உன் அப்பா கேட்ட கேள்விக்கு உன் மழைப் புத்தகம் பதில் சொல்லாது. மழைமானிய காலையில ஒரு தடவதான் பார்ப்பாங்க. முந்தின நாள் காலையில இருந்து இந்தக் காலை வரைக்கும் சேர்ந்த தண்ணிதான் அந்த எண்ணு. அது சாயங்காலம் 5 மணிக்கு பேஞ்சதா விடியக்கால 5 மணிக்கு பேஞ்சதான்னு புத்தகத்துக்குத் தெரியாது.

பெர்ஜுந்தை_பொண்ணு

அய்யோ ஆமால்ல. நான் இத யோசிக்கவே இல்ல. ரெண்டு வாரமா இதத்தான் தலையில தூக்கி வச்சிட்டு ஆடிட்டு இருந்தேன்.

பாங்கி_அக்கா

ஆடுறது நல்லதுதான் லா, மாஸ்டர்ஸ்ல பாதி இதுதான். கேள்வி ஒண்ணு இருக்கும், டேட்டா வேற ஒண்ணுக்கு பதில் சொல்லும். சாட்டிலைட் மழைக் கணக்கு அரைமணிக்கு ஒரு தடவ கெடைக்குது, ஆனா 2000 சுத்திதான் ஆரம்பம், உன் அப்பா சொல்ற காலம் அதுக்கு முன்ன. ஈஆர்ஏ5ன்னு ஐரோப்பாக்காரங்க தர்ற கணக்கு 1940ல இருந்து மணிக்கு மணி இருக்கு, இலவசம், ஆனா அதோட ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் அகலம். நம்ம ஊரு மழ பாசார்ல பேயும், பாலத்துக்கு அந்தப் பக்கம் காயும், அத அந்தக் கட்டம் எப்படிப் புடிக்கும் சொல்லு.

குலசாமி77

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பூமி எப்பவும் மாறிக்கிட்டுத்தான் இருக்கு, பனிக்காலம் வந்துச்சு போச்சு, அப்போ யாரு காடி ஓட்டுனா? இதுல மாஸ்டர்ஸ் வேற.

பெர்ஜுந்தை_பொண்ணு

அண்ணே பனிக்காலம் வந்து போனது உண்மைதான், அத யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா இப்போ கூடுற கரியமில வாயு எங்கேருந்து வருதுன்னு கெமிஸ்ட்ரியில கண்டுபுடிச்சிடலாம், இது எனக்குத் தெரிஞ்ச பக்கம், அதனால சொல்றேன். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் கோடிக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது, அதுல கார்பன்-14ங்குற, தானா சிதையுற கார்பன் ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அத எரிச்சு காத்துல விட்டா காத்துல உள்ள கார்பன்-14 பங்கு கொறயும். 1950கள்லயே சூஸ்ங்குறவரு மர வளையத்துல இத அளந்துட்டாரு. புகையோட கைரேக மாதிரி.

குலசாமி77

சரி சரி. லேப்ல வேல பாக்குற பொண்ணுகிட்ட வாயக் குடுத்துட்டேன்.

ஈஎஸ்ஜி_அண்ணன்

வேல பத்தி நான் சொல்றேன். ஒரு தோட்டக் கம்பெனியில சஸ்டைனபிலிட்டி பிரிவுல இருக்கேன், எட்டு வருசம். முன்ன எங்க பிரிவுல ரெண்டே பேரு, ஒருத்தரு வருசா வருசம் அறிக்கைக்கு அழகா போட்டோ புடிப்பாரு, இன்னொருத்தரு நானு. இப்போ நெலம வேற. 2020ல இருந்து செம்பனை எண்ணெய்க்கு (பாமாயில்) எம்எஸ்பிஓங்குற தரச்சான்று கட்டாயம். 2024 செப்டம்பர்ல தேசிய அளவுல சஸ்டைனபிலிட்டி அறிக்கைக் கட்டமைப்பு வந்துச்சு, மெயின் மார்க்கெட்ல 2 பில்லியன் வெள்ளிக்கு மேல மதிப்புள்ள கம்பெனிங்க 2025 கணக்குல இருந்து பருவநிலை ஆபத்த எழுதியாகணும், மத்தவங்க பின்னாடி வருவாங்க. எழுதுறதுக்கு ஆள் வேணும்ல.

ஆனா தங்கச்சி, இந்த வேலைக்கு ஆளெடுக்கும்போது நான் பார்க்குறது சர்ட்டிபிகேட் பேர இல்ல. போன தடவ இண்டர்வியூவுல ஒரு கேள்வி கேட்டேன், ஒரு செம்பனை எண்ணெய் மில்லுல எந்த இடத்துல இருந்து ஜாஸ்தி பசுங்குடில் வாயு வரும்னு. அஞ்சு பேர்ல நாலு பேரு பாய்லர் புகைன்னாங்க. மில்லுக்குப் பின்னாடி இருக்கே கழிவுத்தண்ணிக் குளம், பக்கத்துல போனா கொமட்டுமே, அங்கேருந்து வர்ற மீத்தேன்தான் பெருசு, நூறு வருசக் கணக்குல அது கரியமில வாயுவ விட ஏறக்கொறைய 28 மடங்கு சூட்டப் புடிச்சு வைக்கும். பாய்லர்ல எரியிறது பழத்து நாரும் கொட்ட ஓடுந்தான், அத அந்த அளவுக்குக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. சரியா சொன்ன அஞ்சாவது பையன் தோட்டத்துல பொறந்தவன், அந்த நாத்தத்துலயே பள்ளிக்கூடம் போனவன். அவனத்தான் எடுத்தேன்.

சம்பளம் ஆரம்பத்துல ஓகோன்னு இருக்காது. உன் மூணு வருச லேப் அனுபவத்தோட மாஸ்டர்ஸ் சேர்ந்தா நல்லா ஏறும். பச்சையா அடிச்ச புரோஷர் வச்சிருக்குற ஒரு வருச கோர்ஸ் எல்லாம் எங்க பார்த்தாலும் முளைச்சிருக்கு, அதுல அளக்குறது ஒண்ணும் சொல்லித்தர மாட்டாங்க, வெறும் ஸ்லைடு. காச அங்க கொட்டிராத.

ரீடிங்_ரிட்டர்ன்

வெளிநாடு பத்தி சுருக்கமா. நான் இங்கிலாந்து ரீடிங்ல மாஸ்டர்ஸ் பண்ணேன், வளிமண்டலம், கடல், பருவநிலைன்னு ஒரே கோர்ஸ். ஒரு வருசந்தான், ஆனா அந்த ஒரு வருசத்துல கணக்கு புழிஞ்சு எடுத்துருவாங்க, வகையீட்டுச் சமன்பாடு மறந்துருச்சுன்னா முதல் மாசமே அழுவாச்சி. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்துல பருவநிலை மாற்றம்னே மாஸ்டர்ஸ் இருக்கு, 1972ல இருந்து அங்க பருவநிலை ஆராய்ச்சிப் பிரிவு ஓடுது. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட செவனிங் உதவித்தொகைக்குப் போடு, ரெண்டு வருச வேல அனுபவம் கேப்பாங்க, உன்கிட்ட இருக்கு. முடிச்சிட்டு ரெண்டு வருசம் நாட்டுக்குத் திரும்பி வந்துரணும், அதான் கண்டிஷன்.

ஒரே ஒரு குறை. அங்க நான் தீசிஸ்ல வட அட்லாண்டிக் புயல் பத்தி எழுதுனேன், ஏன்னா சூப்பர்வைசருக்கு அதான் தெரியும். திரும்பி வந்தப்போ நம்ம ஊரு இடிமழையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெர்ல. உன்கிட்ட கேள்வி முன்னாடியே இருக்கு, கேள்விக்கு ஏத்த ஆளத் தேடு, பல்கலைக்கழகப் பேரத் தேடாத.

பாங்கி_அக்கா

இத அப்படியே பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டு. உள்ளூர்ல யூகேஎம்ல (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) பருவநிலை மாற்றத்துக்குன்னே தனி ஆராய்ச்சிக் கழகம் இருக்கு, பிரெடோலின் தங்காங்னு, ஐநாவோட பருவநிலைக் குழுவான ஐபிசிசியோட முதல் பணிக்குழுவுக்குத் துணைத் தலைவரா இருந்தவரு வேல பார்த்த பல்கலைக்கழகம் அது. தென்கிழக்காசிய மழைய கட்டம் சின்னதாக்கி கணக்குப் போடுற வேல அவங்க முன்ன நின்னு செஞ்சது. யூபிஎம்ல (புத்ரா பல்கலைக்கழகம்) தோட்டம், மண்ணு, தண்ணி பக்கம் பலம். கோர்ஸ்வொர்க்கா ஆராய்ச்சி வழியான்னு நீதான் முடிவு பண்ணனும், புத்தகத்த கையில வச்சிருக்குறதால நான் ஆராய்ச்சி வழிதான் சொல்லுவேன். சூப்பர்வைசர்கிட்ட கிராண்ட் இருந்தா உதவி ஆராய்ச்சியாளரா மாசச் சம்பளம் மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, உன் லேப் சம்பளத்த விட கொறச்சல்தான், பொய் சொல்ல விரும்பல. அந்தக் காசும் சில நேரம் மூணு மாசம் கழிச்சு மொத்தமா வரும். எனக்கு ஒரு தடவ தீபாவளிக்கு வர வேண்டியது பொங்கலுக்கு வந்துச்சு.

ஈமெயில் எழுதும்போது "பருவநிலை மாற்றத்தில் ஆர்வம்"னு எழுதாத, அவங்களுக்கு வாரத்துக்குப் பத்து அப்படி வரும். முதல் வரியிலயே புத்தகத்தச் சொல்லு, ஒரு பக்கம் படம் வை.

இன்னொண்ணு, உனக்கு பீட் ஆச இருந்தா ராஜா மூசா கரி மண்ணுக் காடு உன் ஊருக்குப் பக்கத்துலதான். வாய்க்கா வெட்டி தண்ணிய வடிச்சா கரி மண்ணு காத்து பட்டு மக்கும், மண்ணே கீழ எறங்கும், செம்பனை வேரெல்லாம் காலு மாதிரி வெளிய நிக்கும் பார்த்திருப்ப. வடிச்ச கரி மண்ணுல செம்பனை போட்டா ஒரு ஹெக்டருக்கு வருசத்துக்கு சுமார் 40 டன் கரியமில வாயுன்னு ஐபிசிசி கணக்கு வச்சிருக்கு. நான் அளக்குறது அதத்தான், பிளாஸ்டிக் குழாய வளையமா வெட்டி மண்ணுல புதைச்சு அதுக்கு மேல டப்பா கவுத்து. முந்தா நேத்து போனா பன்னி வந்து ஏழு வளையத்தப் பொரட்டிப் போட்டிருக்கு. ஆக இதுவும் இருக்கு படிப்புல.

மாமாக்கடை_மணி

அக்கா பன்னிக்கும் ஒரு கோ-ஆத்தர் பேர் போட்டுருங்க.

பழைய_கிராணி

வணக்கம் பிள்ளைங்களா. என் பேரன் இந்த இழைய காட்டுனான், அவன் டைப் பண்ணிக் குடுக்குறான், நான் சொல்லச் சொல்ல. அம்மா நீ சொல்ற தோட்டம் எதுன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. ஸ்டோருக்குப் பக்கத்துல புளியமரம் இருந்த ஆபீஸ்தானே? 1976ல 22 வயசுல அங்க கிராணியா (ஆபீஸ் கிளார்க்) சேர்ந்தேன். அந்தப் புத்தகத்துல ரொம்ப வருசம் என் கையெழுத்துதான், 7ன்னு எழுதும்போது நடுவுல ஒரு கோடு போடுவேன், பாரு.

மழைமானி ஆபீஸ் முன்னால புல்லு மேல இருந்துச்சு. செம்புல புனல், உள்ள ஒரு பாட்டிலு, அதுலேருந்து கண்ணாடிக் குழாய்ல ஊத்தி கண்ணு மட்டத்துக்கு வச்சுப் பார்க்கணும். காலையில ஏழு மணிக்கு, பெரட்டு முடிஞ்ச கையோட. துரை அந்த எண்ணப் பார்த்துத்தான் உரம் போடச் சொல்லுவாரு, உரம் போட்ட மறுநாள் பெருமழ பேஞ்சா எல்லாம் ஆத்தோட போயிரும்ல.

இப்போ ஒரு உண்மை சொல்றேன். ஞாயித்துக்கிழம ஆபீஸ் கெடையாது. யாரும் போய் அளக்க மாட்டோம். ஞாயிறு கட்டத்துல சைபர் போட்டுட்டு திங்கக்கிழம பாட்டில்ல இருக்குறத எல்லாம் திங்கள்லயே எழுதிருவோம். தீபாவளி லீவும் அப்படித்தான். அப்பறம் 1980களோட கடைசியில, வருசம் சரியா ஞாபகம் இல்ல, புது ஆபீஸ் கட்டுனப்போ மானிய பின்பக்கம் மாத்திட்டாங்க, அங்க ஒரு ரம்புத்தான் மரம், அது வளந்து மேல கவிஞ்சிருச்சு. வேற எங்கயும் நான் இதச் சொன்னதில்ல, எனக்கு உடம்பு முடியாத சில நாள்ல பக்கத்துத் தோட்டத்து கிராணிக்குப் போன் போட்டு அவரு எண்ணக் கேட்டு எழுதுனதும் உண்டு. அந்த நாள்ல ஓரமா ஒரு சின்னப் புள்ளி வச்சிருப்பேன். மனசு கேக்கல.

பாங்கி_அக்கா

ஐயா, நீங்க இப்போ சொன்னது அந்தப் புத்தகத்துல பாதி பெறும். நான் சும்மா சொல்லல. ஞாயிறு சைபர அப்படியே கம்ப்யூட்டர்ல போட்டா திங்கக்கிழமதான் தோட்டத்துல பெருமழ பேயுதுன்னு கண்டுபுடிச்சு பேப்பர் எழுதிருவோம். ரம்புத்தான் மரம் தெரியலன்னா "1990க்கு அப்புறம் மழ கொறஞ்சிருச்சு, பருவநிலை மாற்றம்"னு எழுதிருவோம். மரம் மறைச்சதுக்கு உலகத்தைக் கொற சொல்லிருப்போம். பக்கத்துத் தோட்டத்துக் கணக்கோட ஒட்டி வச்சுப் பார்த்தா எந்த வருசத்துல வரைபடக் கோடு வளையுதுன்னு தெரியும், ஆனா ஏன் வளைஞ்சுதுன்னு சொல்ல ஆள் வேணும்.

பெர்ஜுந்தை_பொண்ணு

ஐயா!!! 7 நடுவுல கோடு இருக்கு. இப்பத்தான் பார்த்தேன். புள்ளியும் இருக்கு, நான் பேனா மை சிந்துனதுன்னு நெனச்சேன்.

அப்பா கேள்விக்கு மட்டும் ஏதாச்சும் வழி இருக்கா ஐயா? செக்குரோல் (ஆள் வருகைப் பதிவு) இருக்குமா? எந்த நாள் பேர் இல்லன்னு அதுல தெரிஞ்சிரும்ல, அப்போ அன்னிக்கு விடியக்கால மழன்னு வச்சுக்கலாம்ல.

பழைய_கிராணி

நல்லா யோசிக்கிற. ஆனா செக்குரோல் எல்லாம் ஏழெட்டு வருசத்துல கொளுத்திருவோம், நானே கொளுத்திருக்கேன். பால் கொட்டகையில தினசரி எடைப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சு, சிவப்பு அட்டை. எத்தன பவுண்டு பால், அப்பறம் கிலோ. வெட்டாத நாள் கோடு போட்டிருக்கும், பக்கத்துல "ம"ன்னு எழுதிருப்போம், மழ. வெட்டி முடிச்சப்பறம் பேஞ்சு, மரத்துல பால் புடிக்கிற மங்குல தண்ணி ரொம்பி பால் வழிஞ்சு போன நாள்ல எடை பாதிதான் இருக்கும், அப்போ "பி.ம". பின் மழ. உன் கட்டுல செவப்பு அட்டை இருக்கா பாரு.

ஈஎஸ்ஜி_அண்ணன்

ஐயா "ம"வும் "பி.ம"வும்... எங்க கம்பெனி இதுக்கு கன்சல்டன்ட் வச்சா பல ஆயிரம் வெள்ளி கேப்பான்.

பாங்கி_அக்கா

காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவி தாங்கும்னு புத்தகத்துல இருக்கு, அதனால கொட்டுனா கனமா கொட்டும்ங்குறது வரைக்கும் சொல்லலாம். ஆனா எத்தன மணிக்குக் கொட்டும்ங்குறது வேற கத, அது கடல் காத்து, மலைக்காத்து, சுமத்ரா பக்கம் இருந்து விடியக்கால வர்ற மழைக்கோடு எல்லாம் சேர்ந்தது. அதனால உன் அப்பா சொன்னது சரியாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம், சரியா இருந்தும் காரணம் வேறயா இருக்கலாம். "ம" எண்ணிக்கை கூடுனா கூட, வேலைக்கு ஆள் கொறஞ்சு போய் லேசா தூறுனாலே நிறுத்துனாங்களான்னும் பார்க்கணும். ஐயாவக் கேட்டுட்டே இரு.

பெர்ஜுந்தை_பொண்ணு

நாலு நாள் கழிச்சு வர்றேன், வேல ஓவர்டைம்.

செவப்பு அட்டைப் புத்தகம் மொத்தம் பதினொண்ணு இருக்கு. 1974ல இருந்து 1993, நடுவுல மூணு வருசம் இல்ல. பாங்கி அக்கா சொன்ன மாதிரியே ரெண்டு பேராசிரியருக்கு ஈமெயில் போட்டேன், படத்தோட. ஒருத்தர்கிட்ட இருந்து மறுநாளே பதில் வந்துருச்சு, ஒரே வரி, "புத்தகத்த எடுத்துட்டு வாங்க". மாஸ்டர்ஸ் பத்தி ஒண்ணும் சொல்லல. அம்மாகிட்ட அத காட்டுனேன், இன்டர்வியூவான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன்.

நேத்து ராத்திரி அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு மழைப் புத்தகத்த காட்டுனேன். அவருக்கு எண்ணப் பத்தி அக்கறை இல்ல, தேதிங்களத்தான் தடவிப் பார்த்தாரு. 1979ல எங்க அத்த கல்யாணம், ஒரு ஞாயித்துக்கிழம, அந்தத் தேதியத் தேடச் சொன்னாரு. எடுத்தேன். சைபர். அப்பாவுக்கு வந்துச்சே கோவம், "எவன் சொன்னான் சைபர்னு, பந்தல்ல முழங்கால் தண்ணி, பதினஞ்சு வயசுல நான்தான் பெஞ்ச தலையில தூக்கிட்டு கோயிலுக்கு ஓடுனேன், சாம்பார்ல மழத்தண்ணி, எழுதுனவன கூப்புடு"ங்குறாரு.

பழைய_கிராணி

அந்தப் பந்தல்ல நானும் சாப்பிட்டேன்மா. கால நனைச்சுக்கிட்டே. அப்பாகிட்ட சொல்லு, கோவப்பட வேணாம், ஒரு பக்கம் தள்ளி திங்கக்கிழமையப் பாக்கச் சொல்லு.

பெர்ஜுந்தை_பொண்ணு

பார்த்தோம் ஐயா. 3.12 இஞ்சு. 7க்கு வேல இல்லாததால கோடு இல்ல, ஆனா உங்க கையெழுத்துதான். அப்பா உங்கள ஞாயித்துக்கிழம பசியாற வீட்டுக்கு வரச் சொல்றாரு, நான் மோட்டர் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன், விடியக்கால மழ இல்லன்னா.